அமிர்தி மலைப்பாதையில் கொடுக்காமல் போன குச்சி

என்னைத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தவர்களுக்கு நான் ஒருமுறை கையசைத்திருக்கிறேன். மோட்டாரைப் பார்த்த மகிழ்ச்சியில் ஓடிவருகிறார்கள் என்று நினைத்தேன். நாற்பது வயதைத் தாண்டி, படித்தவன் என்று ஊரில் பெயரும் எடுத்த பிறகுதான் இப்படி நினைத்தேன்.

அப்போது அமிர்திக்கு மேலே மலைச்சாலையில் ஒரு சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை போகவர மாற்றுப்பாதை ஒன்று வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரே ஒரு வண்டிக்கு இடம். முந்தின வாரம் அதில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து, ஒரு மாடு பள்ளத்தில் போய்விட்டது. அதனால் சாலை மேஸ்திரி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்று. அது கையில் இருப்பவன்தான் பாதையில் இறங்கலாம். மறுமுனையில் காத்திருப்பவனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

"மேல நிக்கிற மொத வண்டிக்காரன் கையில குடுத்துடுங்க தொரே, மறந்துடாதீங்க" என்று மேஸ்திரி என்னிடம் அதை நீட்டினார். மறப்பதாவது! மோட்டார் ஓட்டுகிறவன் காட்டவேண்டிய மரியாதைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்தவன். இரண்டாம் முறை, அதில் பிழை கண்டுபிடிப்பதற்காக.

ஏற்றத்தில் என் பழைய மோட்டார் இரும ஆரம்பித்தது. நின்றால் மறுபடி கிளம்பாது என்பது எனக்கும் தெரியும், அதற்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஹாரனை விடாமல் அமுக்கியபடி ஏறினேன். மேல்முனையில் ஆவாரம்பட்டை ஏற்றிய மூன்று வண்டிகள் நின்றன, மூன்றும் ஒரே குடும்பத்தினுடையவை. மாடுகள் மிரண்டன. வண்டிக்காரரும் அவர் மனைவியும் கூவிக்கொண்டே ஓடிவந்தார்கள். நான் கையசைத்தது அப்போதுதான்.

சில மைல் தள்ளி மழைத் தூறல் விழுந்தது. குடைக்காகப் பின்சீட்டில் கையை விட்டுத் துழாவினேன். கையில் வந்தது குச்சி.

திரும்பிப் போவதற்குள் மழை வலுத்துவிட்டது. குச்சி இல்லாமல் இறங்க அஞ்சி, கேட்டுவரக் கீழே ஆளை அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். நேரத்தோடு இறங்கியிருந்தால் ஒதுங்கிக்கொள்ள அடிவாரத்தில் ஓடு போட்ட கொட்டகை இருந்தது. மேலே போர்த்தியிருந்த பனம்பாய்களைத் தாண்டித் தண்ணீர் பட்டைக்குள் போய், வண்டிக்கு அடியில் கறுஞ்சிவப்பாகச் சொட்டியது. தோலைப் பதனிடுகிற சத்து அது. தோல் பதனிடும் ஷாப்பின் தொட்டியில் இறங்கவேண்டியது பள்ளத்தைப் பார்த்து ஓடியது. கோடை முழுக்க அந்தக் குடும்பம் உரித்துக் காயவைத்த பட்டை. அவர்களிடம் வேறு சரக்கு இல்லை.

"வந்துட்டாரு பாரு கல்யாண மாப்ள! கை காட்டினியே, இப்ப காட்டு!" என்றாள் அந்த அம்மாள்.

"வுடுடி. திட்டினா பட்ட காஞ்சிடுமா?" என்றார் வண்டிக்காரர். என் முகத்தைப் பார்க்காமலே குச்சியை வாங்கிக்கொண்டார். நான் நீளமாக ஒரு மன்னிப்புக் கேட்டேன். மழைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

பட்டை வாங்குகிறவரிடம் நானே சாட்சி சொல்லிச் சரக்கை வாங்கவைத்துவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். வண்டிகள் மூன்றாம் நாள் போய்ச் சேரும் ராணிப்பேட்டை எல்லையில் காத்திருந்து, தோல் ஷாப்பு வாசல்வரை அவர்கள் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டு நடையில் ஓட்டினேன். ஹாரனைத் தொடவே இல்லை. புத்தகத்தில் படித்த மரியாதை எல்லாம், யாருக்கும் உபயோகமில்லாத அந்தக் கடைசி மைலில் வந்து சேர்ந்தது.

பட்டை வாங்கும் சாயபு ஒரு துண்டை ஒடித்து, மென்று, துப்பினார். "சப்புனு இருக்குது. சத்து பூரா போய்ட்டுது."

"தப்பு என்னுடையது" என்று குச்சிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒத்துக்கிறேன் ஐயா, தப்பு உங்களுதுதான். ஆனா இத தொட்டியில போட்டா என் தோலு வீணாயிடும். அதுக்கு நா இன்னா பண்றது?"

அந்த அம்மாள் வண்டியில் ஏறி, நனைந்த பட்டைமேல் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். மூன்று வண்டிச் சரக்கை யார் வாங்குவார்கள், இனி எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

வண்டிக்காரர் முந்திக்கொண்டார். "சாட்சி சொன்ன வரைக்கும் போதும் தொரே. வாசல அடச்சி நிக்குது உங்க மோட்டாரு. கொஞ்சம் எடுங்க, நாங்க வண்டி திருப்பணும்."