எழுத்து வரிசையில் கடைசியாக வந்தவர்

எங்கள் பெங்களூரு கல்லூரிக்குப் பேராசிரியர் வேலை கேட்டு வந்தவர் அவர். உள்ளூரிலேயே மர்பி டவுன்காரர். நரைத்த தாடி, கசங்காத சட்டை. காத்திருந்த நேரமெல்லாம் அழைப்புக் கடிதத்தின் பின்புறம் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்துகொண்டிருந்தார். கணிதத்தில் பெர்க்மன் வெளிகளில் டோப்லிட்ஸ் ஆபரேட்டர்கள்தான் அவருடைய ஆராய்ச்சி.

"மையத்துலேருந்து தூரத்தை மட்டும் பாக்கற ஆபரேட்டருங்க சார் இது. ரெண்டுல எதை முதல்ல போட்டாலும் விடை ஒண்ணுதான்" என்று தேர்வுக் குழுவுக்கு விளக்கினார்.

குழுத் தலைவர் பொறியியல்காரர். அவர் துறையில் அதிகம் உழைத்தவர் பெயர்தான் கட்டுரையில் முதலில் வரும். கட்டுரைப் பட்டியலைப் புரட்டினார். "ஒண்ணுலகூட உங்க பேர் முதல்ல இல்லையே?"

"மேத்ஸ்ல சேர்ந்து எழுதினா ஏ, பி, சி வரிசையிலதான் பேர் போடுவோம் சார். என் பேரு 'வி'யில ஆரம்பிக்குது."

தலைவர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். குழுவில் கணிதம் படித்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு வராந்தாவில் மர்பி டவுன்காரர் என்னை நிறுத்தினார். "இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"தெரியாதுன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்" என்றார்.

என் பெயர் 'ஏ'யில் தொடங்குகிறது. எல்லாக் கட்டுரையிலும் நான்தான் முதல். அதைப் பாராட்டித்தான் அதே தலைவர் எனக்கு வேலை கொடுத்தார்.