ஆறுமாசக் கம்பு

எங்கள் அம்மாவுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கோடு ஒரு தீராத பகை இருந்தது. எல்லாக் கிழங்கோடும் இல்லை, ஆறு மாதத்தில் விளைகிற ஜாதியோடு மட்டும். எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேகாது, தண்ணீர் கோத்துச் சவசவவென்று இருக்கும், அதற்கு விறகையே தின்றுவிடலாம் என்பாள். பத்துமாசக் கிழங்குதான் அவளுக்குக் கிழங்கு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் விளங்காது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வீடு திருவட்டாறு பக்கம். எங்களோடு மாமியும் இருந்தாள். அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்புக்குத் தொலி உரிக்கிற வேலை. காலையில் போகுமுன்னும் சாயங்காலம் வந்தபின்னும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தை, எங்கள் பேச்சில் விளையை, பார்த்துக்கொள்வாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் கண்டதில்லை. சற்று இருந்து பேசிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால், "சோலி கெடக்குல்லா" என்று எழுந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் மாமியைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினார்கள். வயிற்றில் கட்டி. டாக்டர் அப்பாவை மட்டும் தனியே கூப்பிட்டு ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமியிடம் வெறும் குடல்புண் என்று சொல்லிவைத்தார்கள். இதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: அடுக்களையில் அப்பா குரலைத் தாழ்த்தி, "ஆறு மாசந்தானாம்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவுக்கு வெளியே நின்ற எனக்கு விஷயம் முழுதும் புரிந்துபோயிற்று. பக்கத்து விளைக்காரர் நடுவதற்கென்று கொடுத்த மரச்சீனிக் கம்பு இரண்டு கட்டாக எங்கள் வேலியோரம் சாத்தியிருந்தது. ஒன்று ஆறுமாசம், ஒன்று பத்துமாசம். எதை நடுவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இப்போது அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா அழத்தானே செய்வாள். ஒரு கிழங்குக்காக இத்தனை அழுகையா என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. மாமி ஒரு கட்டை அவிழ்த்துப்போட்டுக் கம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தகவல் சொல்ல ஆள் வேண்டாமா. ஓடினேன்.

"மாமி, ஆறு மாசந்தானாம். அப்பா சொன்னாவ."

வெட்டுகத்தி நின்றது. "யாருட்ட சொன்னாவ?"

"அம்மாட்ட. அம்மா அழுதா."

மாமி என்னையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த துண்டை மண்ணில் குத்தி, அதைப் பிடித்தபடியே குத்தவைத்து இருந்துவிட்டாள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. நனைகிறோமே என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அந்தக் கட்டு வேண்டாம் மக்கா. பத்துமாசத்த எடு."

"அப்பா ஏசுவாவ."

"ஏசட்டு. நீ எங்கிட்ட சொன்னத ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா? மொத மூட்டுல பெரிய கெழங்கு ஒனக்கு."

எனக்கு அது நல்ல வியாபாரமாகப் பட்டது. சத்தியம் செய்தேன். ஒரு கம்புக்கு ஒரு மூடு என்று நாற்பது மூடு நட்டோம்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டு, ஆறுமாசத்தை நட்டிருக்கலாமே என்று இழுத்தார். "ஏன், நீங்க எங்கயும் போறியளா அண்ணா?" என்று கேட்டாள் மாமி. அப்பா மம்பட்டியை எடுத்து, ஏற்கெனவே மண் அணைத்திருந்த மூட்டுக்கெல்லாம் மறுபடி மண் அணைத்தார்.

மாமி அண்டி ஆபீஸுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்ன அம்மாவிடம், புண்ணுக்கெல்லாம் லீவு கேட்டால் சிரிப்பார்கள் என்றாள். உடம்பு பாதியாகக் குறைந்தது. அப்படியும் களை பறித்தாள். பெருச்சாளிக்குப் பொறி வைத்தாள். ஐப்பசி மழையில் சாய்ந்த மூட்டுக்கெல்லாம் முட்டுக் கொடுத்தாள். அப்படி ஒன்றுக்குக் கயிறு கட்டும்போது என்னைக் கூப்பிட்டு, "ஆறு மாசம் ஆச்சு, பாத்தியா?" என்றாள். "இது பத்துமாசக் கம்புல்லா மாமி" என்று நான் திருத்தினேன். அவளுக்கு வந்த சிரிப்பில் இருமல் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் நர்சிங் படிக்கப் போய், வார்டில் ஒரு டாக்டர் யாரோ ஒருவருடைய அண்ணனிடம் அதே மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த டிரேயை வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்தச் செய்தியை மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அதை வாங்கிக்கொண்டு அவள் செய்தது, கட்டை மாற்றி எடுத்தது ஒன்றுதான்.

எட்டு மாதம் இருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது போனாள். அதற்கு முந்தின வாரம்கூட விளைக்கு நடந்து போய், நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, எந்த மூட்டுக்கு மண் போதாது என்று அப்பாவுக்குக் கை காட்டினாள்.

பத்தாம் மாதம் அப்பா முதல் மூட்டைப் பிடுங்கினார். அம்மா அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு நடுவில் வைத்தாள். தொட்டால் உதிர்கிற வேக்காடு. பெரிய துண்டை நான் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் உரிமை இருந்தது.

அம்மா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தாள். "பாவம், கடைசிவரைக்கும் ஒண்ணும் தெரியாமலே போனா" என்றாள். நாம் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தோம் என்று அப்பா தலையாட்டினார்.

எதை என்று எனக்கு விளங்கவில்லை. கம்பு விஷயமாக இருந்தால், மாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே, நானே சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையக் கிழங்கு. அதற்குள் சத்தியம் நினைவுக்கு வந்தது. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தேன்.