வீட்டு வண்டிக்குள் அம்மா

அத்தையைப் பெண் பார்க்க வரவிருந்த நாளில்தான் அம்மா அந்த வெள்ளைக்காரர்களின் வண்டிக்குள் மாட்டிக்கொண்டாள்.

தாராவியில், சயானுக்குத் திரும்பும் சாலையோரம் அப்பா பட்டறை வைத்திருந்தார். ஒடுங்கிப்போன டாக்சிக் கதவுகளையும் லாரி மட்கார்டுகளையும் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். பட்டறையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு எங்கள் வீடு. வீடு என்றால் ஓர் அறை. அப்பா, அம்மா, அத்தை, நான், மூன்று தம்பிகள், பெரியப்பா மகன்கள் இருவர். இது போக, திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறுகிற எவரும் முதலில் வந்து படுப்பது எங்கள் வீட்டில்தான். யாருடைய கால் யார் தலைமாட்டில் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது.

வண்டி முந்தின நாளே வந்துவிட்டது. ஐரோப்பாவில் எங்கிருந்தோ தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு வந்த கணவனும் மனைவியும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, ஊர் ஊராகப் போகிறவர்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் கூரை ஒழுக்கை அடைத்துத் தரச் சொல்லி அப்பாவிடம் விட்டிருந்தார்கள். வீட்டையே கூட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்து போனது. அம்மாவுக்கு மட்டும் அதற்கு நேரமில்லை.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு போனவள் ஒரு கணம் நின்று வண்டியை எட்டிப் பார்த்தாள். அதை அந்த வெள்ளைக்கார அம்மாள் கவனித்துவிட்டாள். குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். அடுப்பு, குழாய், மடக்கு மேசை, மெத்தை போட்ட கட்டில் எல்லாவற்றையும் சைகையால் காட்டினாள். கடைசியாகக் கதவின் அழகையும் காட்ட நினைத்தாள் போலிருக்கிறது. அது பக்கவாட்டில் தண்டவாளத்தில் ஓடுகிற கதவு. கீழே குதித்து, வெளியிலிருந்து அதை ஓங்கி இழுத்தாள். கதவு சர்ரென்று ஓடிப் போய்க் 'கடக்'கென்று நின்றது. அதற்குப் பிறகு திறக்கவில்லை.

வண்டியோட்டுகிற இடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பலகைச் சுவர். பின்பக்கம் ஒரு ஜன்னல்; அதில் என் தலை நுழையும், அம்மா நுழைய மாட்டாள். வெள்ளைக்காரர் இழுத்தார். அப்பா இழுத்தார். தண்டவாளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். அந்நிய ஆளின் வண்டி, எங்கே நசுங்கிவிடுமோ என்று சுத்தியலை ஓங்கவும் அவருக்குக் கை வரவில்லை. அந்த அம்மாள் "சாரி, சாரி" என்று கண்ணைத் துடைத்தபடியே வண்டியைச் சுற்றி வந்தாள்.

"நாலு மணிக்கு மான்குர்த்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருவாங்களே!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்று, பலகாரம் செய்து, அத்தைக்குச் சேலை கட்டிவிட வேண்டியவள் அம்மா. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் அத்தையை ஊருக்கே அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அம்மா ஜன்னல் வழியாகவே குடும்பம் நடத்தத் தொடங்கினாள். நான் ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக ஓடினேன்.

"ஏட்டி, ரவை டப்பா பரண்ல இருக்கு, அத்தைய எடுக்கச் சொல்லு. வெங்காயத்தப் பொடிசா அரியணும். சின்னவனுக்கு மூக்கத் துடச்சு விடு."

கல்யாணப் பெண்ணே தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு உப்புமா கிண்டினாள். புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெங்காயக் கண்ணீரோடு, "உப்பு எவ்வளவுன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

நான் போய்க் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் கிடந்தாள். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை கீழே தொங்கியது. நான் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. நாங்களெல்லாம் தூங்கிய பிறகு படுத்து, நாங்கள் விழிக்கும் முன் எழுந்துவிடுகிறவள் அவள்.

"அப்பா! அம்மா மயங்கிட்டா!" என்று அலறினேன்.

அப்பாவுக்கு வெள்ளைக்காரர், வண்டி, நசுங்கல் எல்லாம் மறந்து போயிற்று. கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சரியாக அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. பக்கத்தில் பூவும் பழமுமாக அவருடைய அம்மா.

மாப்பிள்ளைக்கு ரயில் ஷெட்டில் வேலை. என்ன ஏது என்று கேட்டவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடப்பாறை வேண்டாம் அண்ணாச்சி. லோக்கல் ட்ரெயின் கதவும் இப்படித்தான் மாட்டிக்கும். உருளை தடத்த விட்டு இறங்கியிருக்கும். உள்ளேர்ந்து ஒரு ஆள் தூக்கிக் குடுத்தா வந்திரும்."

"உள்ள இருக்கறவ மயங்கிக் கிடக்காளே தம்பி!"

மாப்பிள்ளை தகரத்தில் படபடவென்று தட்டினார். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எவம்ல அது, கதவப் போட்டு இந்த இடி இடிக்கிறது?"

அப்பா கடப்பாறையைக் கீழே போட்டார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, கதவோட அடியப் பிடிச்சு மேல தூக்குங்க" என்றார். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து தள்ளினார். கதவு ஒரு விரற்கடை நகர்ந்து முனகி நின்றது. அந்நேரம் அத்தை துணி சோப்புக் கட்டியோடு ஓடி வந்தாள். "டிரங்குப் பெட்டி இறுகுனா இதத்தான் தேய்ப்பேன்" என்று சோப்பை அவரிடமே நீட்டினாள். அவர் தேய்த்தார். அத்தையும் கதவில் தோள் கொடுத்தாள். அம்மா உள்ளிருந்து தூக்க, இவர்கள் இருவரும் தள்ள, உருளை தடத்தில் ஏறி, கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ். அத்தையின் நெற்றிப் பொட்டு கன்னம் வரை வழிந்திருந்தது. தான் யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், வீட்டுக்குள் ஓடினாள்.

"பொண்ணத்தான் பாத்தாச்சே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இனி உள்ள போயி என்னத்தப் பாக்க? உப்புமா வாசம் வருது, அதப் பாப்போம்."

உப்பே இல்லாத அந்த உப்புமாவை எல்லோரும் நன்றாக இருக்கிறதென்று சொல்லிச் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் இலை போட்டோம். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

அவர்கள் போன பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"பயமா? கதவு சாத்துனதும் எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா!" என்றாள்.

எனக்கு மனத்தாங்கலாகப் போயிற்று. நான் அவளுக்காக அப்படி அலறியிருக்கிறேன், அவள் இப்படிச் சொல்கிறாள்.

அடுத்த நாள் கூரை வேலை முடிந்து வண்டி புறப்பட்டது. தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அது சயான் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இனிமே அது வராதும்மா" என்று ஆறுதல் சொன்னேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "வராது."