எதிர்ப்பு என்று நான் அழுத்திய கோபங்கள்

வளைகுடாவில் ஒரு தடுப்பூசி கிளினிக் வாசலில் பல வருடம் டோக்கன் கொடுத்தவன் நான். என் அரபி முழுக்க வரிசையில் திட்டு வாங்கிக் கற்றது. ஊர் திரும்பியதும் அந்த அரபிக்கே தண்டலத்தில் ஒரு அலுவலகம் வேலை கொடுத்தது. தடுப்பூசி பற்றி அரபு மக்கள் சமூக ஊடகத்தில் எழுதுவதை இயந்திரம் படித்து, ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பிரித்துவிடும். அது சரிதானா என்று நாங்கள் ஏழு பேர் படித்துப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சூப்பர்வைசர் தென்காசிக்காரர், ஒரகடத்தில் கார் உதிரிபாக லைனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கேயும் ஷிஃப்டுக்கு இத்தனை பதிவு என்று டார்கெட் வைத்தார். நான் மூன்று வாரம் படிக்காமலே 'சரி', 'சரி' என்று தட்டித் தள்ளினேன். வேகத்துக்குக் கைதட்டல்கூட வாங்கினேன்.

சரிபார்த்த பதிவுகளின் மொத்தத் தொகுப்பை, அதாவது லாட்டை, ஊசி விநியோகிக்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டிய அன்று மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் தவறிப்போய் ஒன்றைப் படித்துவிட்டேன். "மூன்று தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி இல்லை என்கிறார்கள். பொய்யர்கள், நாசமாய்ப் போங்கள்!"

இயந்திரம் போட்டிருந்தது: எதிர்ப்பு.

அடப்பாவி! ஊசி கேட்டு அலைகிறவள் ஊசிக்கு எதிரியா? என் வரிசையில் கத்தியவர்கள் எல்லாம் ஊசி வேண்டும் என்று வந்தவர்கள். வேண்டாதவன் வீட்டில் தூங்கினான். பழைய பதிவுகளைத் திறந்தேன். திட்டு இருந்த இடமெல்லாம் எதிர்ப்பு, பக்கத்தில் என் 'சரி'. இதை நம்பி எவனாவது அவள் ஊருக்கு ஊசியே அனுப்பாமல் விட்டால்?

தண்டலம் சிக்னலில் சர்வதேசப் போலீஸ் எனக்காக நிற்பதாகவே தோன்றியது. பிரஷர் மாத்திரை என்று நினைத்துப் புதினா மிட்டாயை விழுங்கி, விக்கிக்கொண்டே சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வாரீய?"

"லாட்டை நிறுத்துப்பா. கோவமா எழுதினவனையெல்லாம் எதிர்ப்புல போட்டுகினு கீது."

"மெஷினோட ஒத்துப்போறதுல நீங்கதாம்ணே ஃபர்ஸ்ட்டு. அஞ்சு மணிக்கு அனுப்பணும், கோளாறு பண்ணாதீய."

"ஒத்துப்போனேனா? நான் படிக்கவே இல்லய்யா!"

"அதை ஏம்ணே இவ்வளவு சத்தமா சொல்லுதீய?"

"சொல்லுவேன், இன்னா பண்ணுவ? அது என் பேர்ல போவக் கூடாது!"

"அப்போ வேலை வேண்டாமாண்ணே?"

"வேணும்யா! வேணும்னுதான் கத்துறேன்!"

அவர் என் பங்கை மட்டும் பிரித்து என் திரைக்குத் திருப்பி அனுப்பினார். முதல் பதிவிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மற்ற ஆறு பேருடையது ஐந்து மணிக்குப் போய்விட்டது. அவர்களும் என்னைப் போலவே வேகமானவர்கள்.