எந்தக் கால் கட்டைவிரல்?

கண்ணெதிரே நொண்டிக்கொண்டு வருகிறவரை விட்டுவிட்டு, டாக்டர் எழுதிய காகிதத்தை மட்டும் நம்பி நோய்க்கு எண் போடுகிற வேலை மெடிக்கல் கோடிங். என்னோடு சேர்ந்து இந்தப் பாவத்தைச் செய்கிறவர்களுக்கு இது புரியும்.

மேஜைக்கு வந்த கால்

ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மைக்கேல் அண்ணன் வந்தார். ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கால் கட்டைவிரல் மூட்டு இறுகிப்போய் மடங்கவே இல்லை. ஆபரேஷன் நடந்தால்தான் மறுபடி லாரியில் ஏற முடியும். அதற்கு இன்ஷூரன்ஸ் அனுமதி வேண்டும்.

எங்கள் பட்டியலில் இந்த நோய்க்கு M20.2 என்று எண். அதன் கடைசியில் 1 சேர்த்தால் வலது கால், 2 என்றால் இடது, 0 என்றால் எந்தக் கால் என்று தெரியவில்லை. டாக்டர் எந்தக் கால் என்று குறிப்பிடவே இல்லை. "டாக்டர் எழுதினால்தான் அண்ணே செல்லும்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நான் 0 போட்டேன்.

"இன்னாமா நீ, வெரலு உன் மூஞ்சிக்கு நேரா கீது, எந்தக் காலுன்னு தெர்லன்றியே!"

டாக்டரின் இடது

எந்தக் கால் என்று கேட்டு இன்ஷூரன்ஸ் திருப்பி அனுப்பியது. டாக்டரிடம் ஓடினேன். அவர் அண்ணனை எதிரே உட்காரவைத்தார். நோயுள்ள கால் தன் இடது கைப்பக்கம் இருந்ததால் 'இடது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். "சார், அது அவருக்கு வலது..." என்று இழுத்தேன்.

"டாக்டர் நீயா, நானாம்மா?"

பேனா

சொல்ல வெட்கமாக இருக்கிறது, 2 போட்டேன். என்றும் இல்லாத திருநாளாக மறுநாளே அனுமதி வந்துவிட்டது, நல்ல காலுக்கு!

ஆபரேஷன் அன்று காலை மனசு கேட்காமல் வார்டுக்கு ஓடி, அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் பேனாவைப் பிடுங்கி, இடது பாதத்தில் 'இது இல்ல' என்றும் வலது பாதத்தில் 'இதான்' என்றும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். டாக்டர் வந்து போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் நிதானமாகப் படித்தார். ஃபைலை வாங்கித் திருத்தினார். நான் 1 போட்டேன். புது அனுமதிக்காக ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது. அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்.

"எய்தினாத்தான் நம்புவேன்னியே, இந்தா, எய்திட்டேன்!"

இத்தனை வருஷ வேலையில், ஒரு சந்தேகமும் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்த ஒரே ஆவணத்துக்கு ஐந்து விரல் இருந்தது.