ஆடி மாதத்து எஞ்சின்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் அறை தேடிப் போனபோது, சொல்லிவைத்திருந்த வீட்டின் கதவைத் தள்ளினேன். காலடியில் தண்டவாளம் கிடந்தது.

"பாத்து தம்பி, பாலத்த மிதிச்சிராதிய!"

தரையில் குப்புறப் படுத்திருந்தவர் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அச்சுக் கருவிகள் செய்யும் டூல் ரூம் வேலை. முன்னால் இரண்டு சாண் நீளத்தில் தகர நீராவி எஞ்சின். புகைபோக்கிக்குள் சாம்பிராணி புகைந்தது. எங்கள் தெருவில் முதல் பி.எஸ்சி. நான்தான் என்று அறிமுகம் செய்துகொண்டேன்.

"நல்லதாப் போச்சு. படிச்ச புள்ள, அந்த நரம்பப் பிடிச்சு இழுங்க" என்றார்.

எஞ்சினில் கட்டியிருந்த நைலான் நரம்பை நான் இழுக்க, ஸ்ரீபெரும்புதூர் கோதண்டம் கேமராவில் பிடித்தார். அவர் கல்யாண வீடியோக்காரர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா இருக்கும். அதனால், நான் அந்த அறையிலேயே தங்கிவிட்ட பிறகு, வருடாவருடம் எங்கள் ரயில் படமெல்லாம் ஆடியில்தான்.

"ஸ்லோவுல வுட்டா தகரம்கூட டன் கணக்குல தெரியும்யா. பொண்ணு மாலை போடச்சொல்லோ இதே டெக்னிக்குதான்" என்பார் கோதண்டம். எடுத்ததை டிவியில் போட்டால், பக்கத்து அறைப் பையன்களெல்லாம் வந்து விசிலடிப்பார்கள்.

2003 ஆடியில் சுடலைக்கண்ணு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் பழக்கத்துக்கு, தம்பி. இந்த வருசந்தான் நெசப் படம்."

அவர் அப்பா கொம்பையா, நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர். ஒருநாள் அவர்கள் வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டிப்போய், பாதையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் செத்துப்போனார். அந்த வளைவில் டிரைவர் பக்கத்திலிருந்து சிக்னல் தெரியாது. ஃபயர்மேன்தான் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். பாதையோரத்துத் தண்ணீர்த்தொட்டி மறைத்துவிட்டது என்றார் கொம்பையா. விசாரித்தவர்கள் நம்பவில்லை. வேலை போயிற்று. மகன் நம்பினார்.

"செத்தவர் மவன் நயினாரும் நானும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அன்னையிலேருந்து எங்கிட்ட அவன் பேசல. எஞ்சின் மேல நின்னு பாத்தாத்தான மறைக்கது தெரியும்? இப்ப அந்தக் கரி எஞ்சினுக்கு எங்க போவ?"

பாதையை அகலமாக்கத் தொட்டியை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே ஊருக்குப் போய், வளைவு, தொட்டி, சிக்னல் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்து வந்திருந்தார். அதே கணக்கில் சிறியதாகச் செய்து மொட்டைமாடியில் பரப்பினார். அடுத்த வாரம் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. கேசட்டை நயினார் வீட்டில் போட்டுக் காட்டுவதாக இருந்தார். படம் பார்க்க அப்பாவையும் பஸ்ஸில் அழைத்து வந்துவிட்டார்.

எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சக்கரப்பலகை. அதன்மேல் கோதண்டத்தின் சின்ன கேமரா, ஃபயர்மேன் நிற்கும் பக்கத்து ஜன்னல் வழியாக லென்ஸ் பார்க்கும்படி. நான் நரம்பை மெதுவாக இழுத்தேன்.

சாயங்காலம் டிவிக்கு முன்னால் கொம்பையாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். திரையில் எஞ்சினின் கரிய வயிறு வளைவில் திரும்பியது. தொட்டி வருவதற்கு வெகு முன்பே கைகாட்டி சிக்னலின் சிவப்புக் கை பளிச்சென்று தெரிந்தது. தொட்டி வந்து சற்று மறைத்தது. பிறகு மறுபடியும் சிவப்பு.

கோதண்டத்துக்கு விஷயம் எதுவும் தெரியாது. தொடையைத் தட்டினார். "இன்னாய்யா, செகப்பு இம்மாம் பெருசா தெரியுது! மேல கீறவன் தூங்கிகினா வந்தான்?"

பையன்கள் சிரித்தார்கள். சுடலைக்கண்ணு மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே சிவப்பு. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். நாங்களும் பின்னால் போனோம். கொம்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறி வந்தார். சுடலைக்கண்ணு எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். அளவில் பிசகே இல்லை.

"இதுக்கு ஏன்பா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? தொட்டிய ரெண்டு விரக்கட நவுத்து, மறைஞ்சிடும். படந்தானே?" என்றார் கோதண்டம்.

சுடலைக்கண்ணு தொட்டியின் மேல் கை வைத்தார். நகர்த்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நவுட்டாதல" என்றார் கொம்பையா. "அது இருந்த எடம் அதான். அன்னைக்கு நான் கரியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். வெளிய பாக்கவே இல்ல."

சுடலைக்கண்ணு தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. கிழவர் அவரிடம் சொன்னார்: "நயினாருகிட்ட சொல்லிரு. எனக்கு வாய் வராது."

கொடைக்குப் போய்த் திரும்பி வந்த சுடலைக்கண்ணுவிடம், சொல்லிவிட்டீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"வாசல் வரைக்கும் போனேன். 'யாரது?'ன்னு உள்ள இருந்து கேட்டான். அவ்வளவுதான், திரும்பிட்டேன்."

கேசட்டைக் கோதண்டத்திடம் கொடுத்து, "இது மேலயே கல்யாணம் எடுத்துக்கிடுங்க" என்றார். ஆவணியில் அதில் ஒரு கல்யாணம் ஏறியது. தை மாதம் கொம்பையா இறந்தார். சாவுக்கு நயினார் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

சுடலைக்கண்ணு இப்போது ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் இருக்கிறார். இரண்டாம் ஷிப்ட். ஆடியில் கோதண்டம் ஆள் விட்டாலும் போவதில்லை. அப்பாவின் காரியத்துக்குப் பிறகு ஊருக்கும் போகவில்லை. நயினாரிடம் இன்னும் சொல்லவில்லை.