மூன்றாம் கட்டத்தில் நின்ற குருவி ஆட்டம்

திருச்செங்கோட்டில், சங்ககிரி சாலை லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறு கடையில், 1987ஆம் ஆண்டுத் தை மாதம் முதல் குருவி ஆட்டம் பாதியில் நிற்கத் தொடங்கியது. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி அது. மேலிருந்து இறங்கும் குருவிகளை ஆடுபவர் பொத்தானை அழுத்திச் சுட வேண்டும். முதலிரண்டு கட்டங்கள் பழுதின்றி ஓடும். மூன்றாம் கட்டம் தொடங்கியதும் குருவிகள் உடைந்த கோடுகளாகச் சிதறும். திரை அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால்தான் மீண்டும் உயிர் வரும்.

பெட்டிக்கு உரியவர்கள் இருவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரித் தொழிலில் இருந்த கந்தப்பன் அதனைப் பெங்களூரிலிருந்து பழையதாக வாங்கி வந்தார். பழுது நேராமல் பேணும் பொறுப்பு ரேடியோ மெக்கானிக் வேலுமணியுடையது. வேலுமணி தொட்டால் செத்த ரேடியோவும் பாடும் என்று பதினான்கு ஆண்டுகளாக ஊர் சொல்லி வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் அவர் பிழைப்பு நடந்தது.

காரணம் தேடுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மின்னழுத்தத்தைச் சந்தேகித்தார். விசைத்தறிகள் ஓடும் நேரத்தில் தெருவிளக்கே மங்கும் ஊர் அது. மீட்டரை மாட்டி, ஆட்டம் நின்ற நேரங்களை ஒரு நோட்டில் எழுதினார். தறிகளுக்கு விடுமுறையான நாளிலும் ஆட்டம் நின்றது. அடுத்துச் சூட்டைச் சந்தேகித்தார். பின்பலகையைக் கழற்றி, மேசை விசிறியை வைத்துப் பார்த்தார். அப்போதும் நின்றது. ஐயத்திற்கிடமான இணைப்புகளையெல்லாம் புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பயனில்லை.

"எரநூறு அடியில ராடு மாட்டுன மாதர நிக்குதுங்களே," என்றார் ரிக் ஓட்டும் பொன்னன். "பேசாம பாயிண்ட மாத்தி ஓட்டிப் பாருங்க."

துளை போடும் இடத்தை மாற்றச் சொல்வது போல அவர் சொன்னதும் கடையே சிரித்தது. வேலுமணியும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. எதிரே முத்தாயம்மாளின் தேநீர்க் கடையில் அமர்ந்து கந்தப்பன் சொன்ன சொல் வேறு வகையானது.

"வேலுக்கு கை முன்ன மாதர இல்லீங்க. பத்தவெக்கறேன்னு உள்ள எதையோ தீச்சுப்போட்டான், பாவம்."

அதனை அவர் பகையோடு சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னார். ஆகையால் ஊர் நம்பியது. வேலுமணியும் நம்பினார். தனியாக இருக்கும்போது வலக்கையை வெளிச்சத்தில் நீட்டி, விரல்கள் நடுங்குகின்றனவா என்று பார்ப்பார். பழுது பார்க்க வந்த ரேடியோக்களைத் திருப்பி அனுப்பினார். மனைவி சௌந்திரம் காரணம் கேட்டபோது, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னார்.

பங்குனியில் ஒருநாள், தாம் அறியாமலே பொன்னன் வழி காட்டினார். ரிக்கின் நெம்புகோல்களில் பழகிய அவருடைய விரல்கள் ஏழே நிமிடத்தில் மூன்றாம் கட்டத்தை எட்டின. ஆட்டம் ஏழாம் நிமிடத்தில் நின்றது. அவருக்குப் பின் ஆடியவர் தட்டுத்தடுமாறிப் பதினெட்டு நிமிடத்தில் எட்டினார். பதினெட்டாம் நிமிடத்தில் நின்றது. அதுவரை மணியை மட்டுமே குறித்திருந்த நோட்டை வேலுமணி புரட்டினார். சூடு காரணமாயின், ஓடிய நேரத்தைப் பொறுத்து நின்றிருக்க வேண்டும். மின்னழுத்தம் காரணமாயின், எந்தக் கட்டத்திலும் நின்றிருக்க வேண்டும். இது கட்டம் பார்த்து நின்றது. மூன்றாம் கட்டத்தில் குருவிகள் மும்மடங்கு. எந்தக் குருவி எங்கே பறக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள, அதுவரை தொடாத இடத்தை இயந்திரம் அப்போதுதான் தொடுகிறது. எனவே, பழுது மெமரியில்தான் இருக்க வேண்டும்.

நினைவகச் சில்லுகளான மெமரி ஐ.சி.கள் எட்டு. வெறும் விரல் பட்டாலே கெட்டுவிடும் என்று விற்றவர் எச்சரித்திருந்தமையால், அவற்றை வேலுமணி ஒருநாளும் தொட்டதில்லை. சாக்கெட் எனும் தாங்கியில் செருகப்பட்டிருந்த அவற்றுக்குப் பற்றவைக்கும் வேலையும் இல்லை. இப்போது தகட்டு மூடியைத் திறந்தார். ஆறு ஐ.சி.களின் முதுகில் காய்ந்த சந்தனத்தின் வெளிறிய தடம் இருந்தது. சென்ற ஆயுத பூசையன்று, சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் பொட்டு வைத்த கையோடு, சௌந்திரம் ஈர்க்குச்சி நுனியால் இவை எட்டுக்கும் பொட்டு வைத்திருந்தார். மற்ற இரண்டின் முதுகில் ஒன்றுமில்லை. அவற்றில் அச்சிட்டிருந்த எழுத்துகளும் வேறு.

கடையின் சாவி கந்தப்பனிடமும் வேலுமணியிடமும் தவிர வேறு யாரிடமும் இல்லை. கந்தப்பனின் மச்சினன் ராசு பொங்கலுக்கு முன்பு நாமக்கல்லில் இதே போன்ற பெட்டி ஒன்றை வைத்ததும், அதில் தமக்குப் பங்கில்லை என்று கந்தப்பன் வலியச் சொன்னதும் அப்போது வேலுமணிக்கு நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலைப் பேருந்தில் நாமக்கல் சென்றார். ராசுவின் கடையில் குருவிகள் மூன்றாம் கட்டத்தைக் கடந்து நான்காம் கட்டத்தில் பறந்துகொண்டிருந்தன. கல்லாவில் அமர்ந்திருந்தவர் கந்தப்பன்.

"பின்பலகையக் கழட்டுங்ணா," என்றார் வேலுமணி.

கந்தப்பன் மறுக்கவில்லை. "கழட்ட வேண்டாஞ் சாமி. உன்ற ஐ.சி. ரெண்டும் இதுலதான் இருக்குது." ராசுவின் பெட்டி வந்த வாரமே நின்றதாகவும், பெங்களூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, புது ஐ.சி. வர இரண்டு மாதம் ஆகும் என்றதாகவும், அவரைக் கொண்டே கெட்ட இரண்டைத் திருச்செங்கோட்டுப் பெட்டியில் செருகி, அங்கிருந்த நல்லதை மாற்றிக்கொண்டதாகவும் கூறினார். பிறகு, நியாயம் சொல்லும் குரலில் தொடர்ந்தார்: "ரிக்குத் தொழில்ல இது சகஜந்தானப்பா. நிக்கற வண்டியில கழட்டி, ஓடற வண்டிக்கு மாட்டறதுதான?"

"நம்முளுது நிக்கற வண்டியாங்ணா? நீங்க கழட்டுனதுக்கப்பறந்தானுங்க நின்னுச்சு."

கந்தப்பன் கல்லாப் பெட்டியை மூடினார், திறந்தார்.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பனுங்ணா," என்றார் வேலுமணி. "ரெண்டு மாசமா என்ற கையையே நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீங்களும் பக்கத்துல உக்காந்து பாத்தீங்க."

அவர் கேட்டது ஒன்றே. தேநீர்க் கடையில் சொன்ன சொல்லை, அதே தேநீர்க் கடையில், அதே ஆட்கள் முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டும். ஐ.சி.யை இப்பொழுதே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் கந்தப்பன். மற்றது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டார். இறுதியில், நாளைக்கு வருவதாகத் தலையசைத்தார்.

ஊர் திரும்பிய வேலுமணி, தாம் கழற்றி எடுத்துவந்த சந்தனத் தடமிருந்த இரண்டையும் பழைய இடத்தில் செருகினார். ஆட்டம் மூன்றையும் நான்கையும் தாண்டி ஓடியது. வலக்கை சிறிதும் நடுங்கவில்லை.

கந்தப்பன் சொன்னபடியே மறுநாள் முத்தாயம்மாள் கடைக்கு வந்தார்; பேசினார். தாம் பெங்களூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துப் பெட்டியைச் சரிசெய்துவிட்டதாகவும், வேலுவை யாரும் குறை சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். பெங்களூர் மெக்கானிக் வந்தது மெய். அந்த மெய்யை வைத்தே அவர் பொய்யைக் கட்டினார். நடந்ததை வேலுமணி நாலு பேரிடம் விளக்கிப் பார்த்தார். ஐ.சி., தாங்கி, சந்தனப் பொட்டு என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்களின் முகங்களில் இரக்கமே கூடியது. அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

சித்திரையில் கந்தப்பனுடனான கூட்டுத் தொழிலை முறித்துக்கொண்டு, பழையபடி ரேடியோ மேசையைத் திறந்தார். முதல் ஆளாக முத்தாயம்மாள் தம் ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கீழே வைக்காமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கை இப்பச் செரியாயிருச்சுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

வேலுமணி அவரைப் பார்த்தார். பிறகு ரேடியோவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"ஆயிருச்சுங்க," என்றார்.